வூட்டு வண்டியின் இடது பக்கம்

மயில்வாகனத்துக்கு நெசவு வரவில்லை. நெசவாளர் பேட்டையான பிள்ளையார்பாளையத்தில் பிறந்துவிட்டு இப்படிச் சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் அவருக்கு மீசை முளைப்பதற்கு முன்பே இருந்தது. தறிக் குழியில் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது என்றார். லாரியில் உட்கார்ந்தால் மரத்துப்போவதில்லை என்று தானே கண்டுபிடித்தும் வைத்திருந்தார். அப்பா அடித்துப் பார்த்தார், அம்மா அழுது பார்த்தாள். பையன் வாலாஜாபாத் அரிசி மில் லாரியில் கிளீனராக ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்றுவிட்டான்.

அதற்கப்புறம் அவர் இறங்கவேயில்லை. கிளீனர் டிரைவரானார், லாரி பஸ்ஸாயிற்று, தெருவில் அவர் பேரே 'வண்டி மயில்வாகனம்' ஆயிற்று. காஞ்சிபுரத்துச் சந்துகளில் பெரிய வண்டியை நுழைப்பதில் அவருக்கு இணை அவர்தான். அதை அடுத்தவர் சொல்லும்வரை காத்திருக்கும் பொறுமையும் அவருக்குக் கிடையாது. "எடது பக்கம் ஒரு வெரல் சந்து இருந்தா போதும்பா எனக்கு" என்று டீக்கடையில் கேட்காதவர்களுக்கும் சொல்வார். கல்யாணமாகி வந்த வள்ளிக்கு நெசவு நன்றாக வந்தது. அவர் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்க, அவள் தறிக் குழியில் இறங்கி, மிதியை மாற்றி மாற்றி மிதித்து, சேலை சேலையாக நெய்து தள்ளினாள். ஒரே மகள் அகிலாவை வளர்த்து வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

சின்ன காஞ்சிபுரத்து முரளீதரன் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தது அந்தச் சமயத்தில்தான். படித்த குடும்பம், கோயில் குடும்பம். அவருடைய தாயார் நாமகிரி அம்மாளுக்குத் திவ்ய தேசங்கள் எல்லாவற்றையும் சேவித்துவிட வேண்டும் என்று ஆசை. ஆனால் வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ஓட்டல் சாப்பாடு என்றால் காதைப் பொத்திக்கொள்வார். அமெரிக்காவில் வீட்டையே வண்டியாக்கி ஊர் சுற்றுகிறவர்களை மகன் பார்த்திருந்தார். இருப்பதிலேயே நீளமான பஸ் சேஸிஸ் ஒன்றை வாங்கி, கரூரில் பாடி கட்டக் கொடுத்தார். உள்ளே படுக்கைகள், தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, அம்மாவின் கண்ணெதிரே தளிகை செய்ய அடுப்பு மேடை, பெருமாளை எழுந்தருளப் பண்ண ஓர் அலமாரி. அம்மாவோடு அவர் வயதுடைய தெருக்காரர்கள் எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். ஊர் அதற்கு 'வூட்டு வண்டி' என்று பேர் வைத்தது. அதை ஓட்ட யாரைக் கூப்பிடுவது என்று முரளீதரன் விசாரித்தபோது எல்லோரும் ஒரே ஆளைத்தான் கை காட்டினார்கள்.

முதல் நாள் சாவியை வாங்கிய மயில்வாகனத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. சந்தோஷம் பாதி. மீதி என்ன என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

கொஞ்ச நாளாகவே இடது கைப்பக்கம் வைக்கும் டம்ளரையெல்லாம் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். எதிரே வரும் விளக்குகளைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிந்தது. யாருக்கும் சொல்லாமல் சென்னைக்குப் போய்க் கண் டாக்டரிடம் காட்டினார். கண்ணுக்குள்ளே அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுகொண்டிருக்கிறது என்றார் டாக்டர். இடது கண் ஏறக்குறையப் போய்விட்டது, வலது கண்ணும் ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிறது. சொட்டு மருந்து விட்டால் இருப்பது கொஞ்ச காலம் நிற்கும், போனது வராது. "என்ன வேலை பாக்குறீங்க?" என்று அவர் கேட்டார். "நெசவுங்க" என்றார் மயில்வாகனம். வாழ்நாளில் முதல் தடவையாகத் தன்னை நெசவாளி என்று சொல்லிக்கொண்டார்.

வீட்டில் வள்ளி கேட்டாள். "இன்னா சொன்னாங்க?"

"கண்ணாடி மாத்தணுமாம். வேற ஒண்ணும் இல்ல."

கண் போனாலும் போகட்டும், வண்டி போகக்கூடாது என்று நினைத்த மனுஷன் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். முட்டாள்தனம் என்று சொல்லிவிடுவது நமக்குச் சுலபம். அந்த இருக்கையிலிருந்து இறங்கினால் அவர் யார்? மனைவியின் தறிக்கு நூல் தார் சுற்றிக் கொடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் ஆள். அந்த மூலையும் கொஞ்ச நாளில் இருட்டிவிடும். அந்த நினைப்பு வந்தால் உட்கார முடியாது. எழுந்து போய் வண்டியைத் துடைப்பார். துடைத்ததையே திரும்பத் துடைப்பார்.

வண்டி வந்த புதிதில் ஒரு காலையில் அதைத் தெருவுக்குக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள். பெருமை யாரை விட்டது, கொண்டுவந்தார். தெருவில் இடது ஓரமாகக் குச்சி நட்டு, தறியில் ஏற்றவேண்டிய பட்டு நூல் பாவை நீளமாக நீட்டி இழை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறந்ததிலிருந்து அவர் பார்த்துவரும் காட்சி. அந்த ஓரத்தில் பாவு இருக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அன்று அவர் கண்ணுக்கு அங்கே தெரு மட்டும்தான் இருந்தது. முன் சக்கரம் குச்சியைச் சாய்த்து, பாவைச் சுருட்டி இழுத்துக்கொண்டு போனபிறகுதான் கூச்சல் கேட்டு நிறுத்தினார்.

பாவுக்காரர் குப்புசாமி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். "இன்னா மயிலு, உனக்கே இப்படின்னா?" என்றார். கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். "வண்டி நீட்டுபா, பழக்கம் வல்ல" என்றார் மயில்வாகனம். எல்லோரும் நம்பினார்கள். அறுந்த இழைகளை வள்ளி இரண்டு நாள் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

அதன்பிறகுதான் அந்த யோசனை வந்தது. சென்னையில் ஒரு சொகுசுப் பஸ்ஸில் பின்பக்கம் பார்க்கக் கேமரா வைத்திருந்ததை அவர் பார்த்திருந்தார். அதையே பக்கவாட்டில் வைத்தால்? பக்கக் கண்ணாடி தூரத்தில் இருக்கிறது, அதில் தெரிவதெல்லாம் அவருக்குக் கலங்கல். ஒரு சின்ன டி.வி.யை ஸ்டியரிங்குக்கு வலது பக்கம், மிச்சமிருக்கும் அந்தக் கண்ணுக்கு நேரே வைத்துவிட்டால்? முரளீதரனிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சார், வண்டி ரொம்ப நீட்டு சார். சைடுல யாராவது வந்தா கண்ணாடியில பாதிதான் தெரியுது. பெரியவங்க ஏறி எறங்குற வண்டி. ரெண்டு பக்கமும் கேமரா வச்சா நல்லா இருக்கும் சார்."

இரண்டு பக்கமும் என்று கேட்டதில்தான் இருக்கிறது சாமர்த்தியம். இடது பக்கம் மட்டும் என்றால் ஏன் என்று கேள்வி வரும்.

முரளீதரன் பூரித்துப்போனார். "அம்மா, பார்த்தியா? அமெரிக்காவிலேகூட டிரைவர் தானா வந்து இப்படிக் கேட்க மாட்டான். எவ்வளவு பொறுப்பு!" நாமகிரி அம்மாள் மயில்வாகனத்தை நிற்கவைத்து, "தீர்க்காயுசா இரு" என்று ஆசீர்வாதம் பண்ணினார். அவருக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. ஆனால் நின்றார், சிரித்தார், சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்க் கேமராக்களையும் திரைகளையும் வாங்கிக்கொண்டு வந்தார். கேமராக்களை வண்டியின் மேல் ஓரத்தில், ஆள் எட்டாத உயரத்தில் பொருத்தினார்கள். முரளீதரனின் மைத்துனர் மட்டும், "இனிமே டி.வி. பார்த்துண்டுதான் ஓட்டுவீரோ?" என்று கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

வேலை செய்தது. அதுதான் வினை. உள்ளங்கை அகலத் திரையில் இடது பக்கம் முழுக்கத் திரும்பி வந்தது. சைக்கிள்காரன், ஆட்டுக்குட்டி, படி இறங்கும் பாட்டிகளின் புடவை நுனி வரைக்கும் தெரிந்தது. மதுரைப் பக்கம், மலையாளப் பக்கம், கும்பகோணத்துச் சந்துகள் எல்லாம் போய் வந்தார். தாமல் ஏரிக்கரை வளைவில் எதிரே வந்த மணல் லாரிக்கு ஒதுங்கிக் கொடுத்தபோது பழைய மயில்வாகனமே திரும்பி வந்துவிட்டது போல இருந்தது. முகம் கழுவ மறந்தாலும் கேமராவின் கண்ணாடியைக் கழுவ மறக்க மாட்டார். மழை வந்தால்தான் உயிர் போய் உயிர் வரும். திரையில் துளி வழிய ஆரம்பித்தால் டீ குடிக்க வேண்டும் என்று சொல்லி ஓரம் கட்டிவிடுவார். "நம்ம டிரைவருக்கு மழை வந்தா டீ கேக்கும்" என்று பெரியவர்கள் வேடிக்கை பேசினார்கள். கண்ணில் மிச்சமிருந்த வெளிச்சம் மட்டும் மாதத்துக்கு மாதம் சுருங்கிக்கொண்டே போயிற்று.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. வூட்டு வண்டியை ஓரிக்கையில் முரளீதரனுக்கு இருந்த தோட்டத்துக் கொட்டகையில் நிறுத்தியிருந்தார்கள். பூஜையும் அங்கேயே. காலையில் தன் தறிக்குப் பொட்டு வைத்துவிட்டு வள்ளியும் வந்திருந்தாள். வண்டிக்கு மாலை, வாழைக்கன்று, சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம். சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழும் வள்ளியின் கையில். முன்கண்ணாடியில் பட்டை, விளக்குகளில் பொட்டு, பக்கக் கண்ணாடிகளில் பொட்டு, ஸ்டியரிங்கில் பொட்டு. நம் ஊரில் ஆயுத பூஜையன்று பொட்டு வைக்காமல் தப்பிக்கும் பொருள் எது? ஸ்டூல் போட்டு ஏறி, இரண்டு கேமராக்களின் கண்ணாடிக்கும் நட்டநடுவில் பதமாகச் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தாள். ஸ்டூலை யாரோ பூசணிக்காய் வைக்க எடுத்துக்கொண்டு போனார்கள்.

முரளீதரன் கடிகாரத்தைப் பார்த்தார். "மயில்வாகனம், நல்ல நேரம் முடியப் போறது. எடுத்துடுங்கோ."

மயில்வாகனம் ஏறி உட்கார்ந்தார். முன்கண்ணாடியில் பார்வைக்கு வழி விட்டுத்தான் பட்டை போட்டிருந்தார்கள். எஞ்சினை உயிர்ப்பித்தார். திரைகள் வெளிச்சமாயின. இரண்டிலும் வெறும் சிவப்பு.

ஒரு நிமிஷம் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் கேமராவின்மேல் வைத்த பொட்டு என்று புரிந்தது. இறங்கிப் போய்த் துடைத்துவிட்டு வந்திருக்கலாம். அவ்வளவுதான் வேலை. ஆனால் எல்லோரும் எதிரே கூடி நிற்கிறார்கள். மைத்துனரும் நிற்கிறார். நாலடி முன்னால் எடுக்க ஸ்டூல் கேட்டு, ஏறிக் கேமராவைத் துடைத்தால், ஏன் ஐயா, கண்ணாடி எதற்கு இருக்கிறது என்று கேட்க மாட்டாரா? இடது கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். கலங்கலாக ஏதோ பச்சை. வாழைக்கன்று என்று சொல்லிக்கொண்டார். ஆரன் அடித்தார். "எடது பக்கம் பாத்துக்கோங்கபா" என்று ஒரு குரல் கொடுத்தார். எதிரே பூசணிக்காயை உடைத்த சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. கிளட்சை விட்டார். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின.

அலறல் கேட்டது. அது வள்ளியின் குரல் என்று முதலில் அவருக்குத் தெரியவில்லை. அவள் அதற்குமுன் அப்படி அலறியதே இல்லை.

பின்சக்கரம் வலது பாதத்தின்மேல் ஏறி இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள். தறியில் அவள் அழுத்தி மிதிக்கும் கால் அது.

ஊர் என்ன சொன்னது என்று நினைக்கிறீர்கள்? பாவம், அந்தப் பொம்பளை தன் கையாலேயே கேமராவை மறைத்துவிட்டு அந்தப் பக்கமே போய் நின்றாள் என்றது. பார்க்க வந்த குப்புசாமி சொன்னார், பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள், மகள் அகிலாவே மூக்கைச் சிந்திக்கொண்டு, "ஏம்மா, கேமரா மேல போய் யாராவது குங்குமம் வெப்பாங்களா?" என்றாள். எல்லாவற்றுக்கும் வள்ளி தலையாட்டினாள். "ஆமாம்மா, என் புத்தி. நான்தான் வச்சேன். உங்கப்பா இன்னா பண்ணுவாரு." வருகிறவர்களிடமெல்லாம் கேட்பதற்கு முன்பே தானாகவே சொன்னாள்.

மயில்வாகனம் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் போயிற்று, இன்னொரு நாளும் போயிற்று. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த நாட்களில் அவர் செய்தது கெட்ட காரியம்தான், அதற்கு வேறு பேர் வைக்க முடியாது. ஒவ்வொரு தடவை அவள் "என் புத்தி" என்று சொல்லும்போதும் இவருக்கு உள்ளே ஏதோ அறுந்தது, அதோடு பாழும் மனசு ஓர் ஓரமாக நிம்மதிப் பெருமூச்சும் விட்டது. அந்தப் பெருமூச்சைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

கடைசியில் அகிலா டிபன் வாங்கி வரக் கீழே போன நேரத்தில், வள்ளியின் தலைமாட்டுக்குப் போனார்.

"வள்ளி, பொட்டு இல்ல காரணம். எனக்குக் கண்ணு போயிடுச்சு. எடது கண்ணு மொத்தமா. வலதும் போய்க்கினு இருக்குது. கண்ணாடியில பாத்தேன், நீ நின்னது தெரிஞ்சிருக்கணும். எனக்குத் தெரியல. அந்த டி.வி. இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது.

"மெதுவா பேசுங்க" என்றாள் வள்ளி. "எனக்குத் தெரியும்."

"இன்னா தெரியும்?"

"பாவுமேல ஏத்தினீங்களே, அன்னிக்கே தெரியும். பாவு போட்டிருக்கிற எடம் உங்களுக்குத் தெரியாதா? நீங்களா சொல்வீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். கேமரா வெச்சாங்க. சரி, அது பாத்துக்கும்னு விட்டுட்டேன்." அவள் மூச்சு வாங்கினாள். "பொட்ட வெச்சுட்டு எறங்கினப்புறந்தான் எனக்கு ஒறச்சுது, ஐயோ, அவரு கண்ண இல்ல மூடிட்டோம்னு. தொடைக்கலாம்னு போனா ஸ்டூலக் காணோம், எட்டல. அதுக்குள்ள நீங்க ஸ்டார்ட் பண்ணிட்டீங்க. அந்தக் கொழந்த, ஜாஹ்னவி, சக்கரத்துக்கிட்ட உருண்ட எலுமிச்சம்பழத்த எடுக்கக் குனிஞ்சுக்கினு இருந்துச்சு. புடிச்சு இழுத்து அந்தாண்ட தள்ளினேன். காலு மாட்டிக்கிச்சு."

ஜாஹ்னவி முரளீதரனின் மகள். இன்னும் பள்ளிக்கூடமே போகாத குழந்தை. தள்ளிவிட்டதும் அழுதுகொண்டு ஓடிப்போய் அம்மா புடவைக்குள் ஒளிந்துகொண்டது, அதற்குச் சொல்லத் தெரியவில்லை. எல்லோரும் வண்டிக்கு முன்னால் உடைந்த பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மயில்வாகனம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா, கொழந்த நின்னது டிரைவருக்கு ஏன் தெரியலன்னு கேப்பாங்க. பொட்டுன்னா அதோட போயிடும்." அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களும் சொல்லாதீங்க. எனக்கு இனிமே தறி இல்ல. உங்களுக்கு வண்டியாவது இருக்கட்டும். இன்னும் கொஞ்ச நாளைக்காவது இருக்கட்டுங்க. வண்டி இல்லன்னா நீங்க செத்துடுவீங்கன்னு எனக்குத் தெரியும்."

அந்த நேரம் பார்த்துத்தான் முரளீதரன் உள்ளே வந்தார். கையில் ஆரஞ்சுப் பழம். பின்னால் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு ஜாஹ்னவி.

"எப்படிம்மா இருக்கேள்? வலி தேவலையா?" என்று வள்ளியைக் கேட்டுவிட்டு மயில்வாகனத்தின் தோளைத் தட்டினார். "மயில்வாகனம், நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்கப்படாது. உங்க மேல ஒரு தப்பும் இல்லை. கேமராவுக்கு ஒரு மூடி பண்ணச் சொல்லியிருக்கேன். ஐப்பசியிலே திருப்புல்லாணி கிளம்பணும்ங்கறா அம்மா. நீங்கதான் ஓட்டணுமாம், வேற யாரையும் ஒத்துக்க மாட்டேங்கறா. நீங்க ஓட்டறேள்னா அம்மா கண்ணை மூடிண்டு தூங்குவா."

குழந்தை கட்டில் சக்கரத்தைக் காலால் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வள்ளியின் விரல்கள் மயில்வாகனத்தின் மணிக்கட்டை இறுக்கின. நகம் பதிகிற அளவு இறுக்கின.

"சார்," என்றார் மயில்வாகனம். "எனக்குக் கண்ணு தெரியாது சார்."

முரளீதரன் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"எப்போலேர்ந்து?"

"கேமரா கேட்டேனே, அதுக்கு முன்னாடிலேர்ந்து. என் கண்ணுக்காகத்தான் கேட்டேன். அன்னிக்குச் சக்கரத்துக்கிட்ட பாப்பா நின்னுக்கினு இருந்துச்சு சார். எனக்குத் தெரியல. இவதான் புடிச்சுத் தள்ளினா."

முரளீதரன் குனிந்து மகளைத் தூக்கிக்கொண்டார். பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மயில்வாகனத்தைப் பார்த்தார், வள்ளியின் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். வள்ளியைப் பார்த்துக் கும்பிடப் போனார், குழந்தை கையில் இருந்ததால் முடியவில்லை. குழந்தையின் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். வண்டிச் சாவி மயில்வாகனத்தின் சட்டைப் பையில்தான் இருந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

வள்ளி கையை விட்டுவிட்டாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அறுத்த காலுக்கு அவள் அழவில்லை, இப்போது அழுதாள்.

"வேற வழி இல்ல வள்ளி. அந்தக் கொழந்த எதிர்லயே நின்னுக்கினு இருந்துச்சு" என்றார் மயில்வாகனம்.

"தெரியும்" என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடியே. "நீங்க சொன்னதுதான் சரி. அது எனக்குத் தெரியாதா?" அப்புறம் கேட்டாள். "நான்தான் பாவுமேல ஏத்தின அன்னிக்கே வாயத் தொறந்திருக்கணும். தொறந்திருந்தா என் காலு இருந்திருக்கும், இல்ல?"